தலைப்பிரசவம் அம்மா வீட்டில், சரி. அந்த ஐந்து மாதம் அப்பா எங்கே?

மருதாணி எழுதியது:

எனக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. இந்த மாதக் கடைசியில் வளைகாப்பு, அது முடிந்த கையோடு அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். நாங்கள் இருப்பது சென்னையில், அம்மா வீடு மன்னார்குடி பக்கம். குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான்.

என் கவலை வேறு. அந்த மாதங்கள் முழுக்க என் கணவர் சென்னையில் தனியாக இருப்பார். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வருவார், ஞாயிறு ராத்திரி கிளம்பிவிடுவார். வந்தால் அவர் மாப்பிள்ளை. நாட்டுக்கோழி அடிப்பார்கள், ஹாலில் நாற்காலி போடுவார்கள், குழந்தையைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, புதுச் சட்டை மாட்டிக் கையில் கொடுப்பார்கள். அழ ஆரம்பித்தால் உடனே யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள். என் அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. அவள் ஐந்தாம் மாதம் திருச்சிக்குத் திரும்பியபோது எந்த அழுகை பசிக்கு, எது தூக்கத்துக்கு என்று அவளுக்கு அத்துப்படி. அத்தானுக்கோ பிள்ளையைத் தூக்கவே பயம். பையன் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிறான், இப்போதும் காய்ச்சல் வந்தால் எந்த மருந்து எத்தனை மில்லி என்று அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அத்தான் நல்ல மனிதர், பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனால் முதல் சில மாதங்களில் ஒருத்தி எல்லாம் கற்றுக்கொண்டு இன்னொருவர் ஒன்றும் கற்காமல் இருந்தால், அதற்கப்புறம் எல்லா வேலையும் தெரிந்தவள் தலையிலேயே விழுகிறது. அம்மாதான் பார்க்க வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவே தேவையில்லாமல் அது முடிவாகிவிடுகிறது.

எனக்கு 26 வாரம் லீவு. கணவர் கம்பெனியில் அவருக்கு ஐந்து நாள் என்கிறார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? பெரியவர்களும் சொல்லுங்கள், ஆண்களும் சொல்லுங்கள்.


பாட்டிவீடு எழுதியது:

கண்ணு, உன் கேள்வி நியாயம்தான். ஆனால் இந்த வழக்கம் எதற்கு வந்தது என்பதையும் யோசி. மாப்பிள்ளையைத் தள்ளி வைக்க வந்ததில்லை, பெண்ணை அடுப்படியிலிருந்து காப்பாற்ற வந்தது. எனக்கு இரண்டாவது பிரசவம் மாமியார் வீட்டில். தீட்டுக் கழித்த மறுநாளே மாவாட்டக் கூப்பிட்டார்கள். உடம்பு வலிக்கிறது என்று சொல்ல அங்கே யாரிடம் வாய் வரும்? அம்மா வீட்டில்தான் ஒரு பெண் படுத்திருந்தால் ஏன் படுத்திருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

இன்னொன்றும் சொல்கிறேன். அம்மா வீடு என்று சொல்லும்போது அங்கே வேலை செய்வது இன்னொரு பெண் என்பதையும் எல்லோரும் நினைத்துப் பார்க்க வேண்டும். காலையில் வெந்நீர் காய்ச்ச வேண்டும், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும், சாம்பிராணி காட்ட வேண்டும், துணி அலச வேண்டும், பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு என்று தனிச் சமையல். ராத்திரி தொட்டில் ஆட்டல். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது. தரையில் மணை போட்டு உட்கார்ந்து பிள்ளையைக் காலில் போட்டால் எழுந்திருக்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு எங்கள் வீட்டில், பிள்ளைக்கு அரைஞாண், காப்பு எங்கள் வீட்டில், கொண்டு விடும்போது தொட்டில் முதல் சீர் சாமான் வரைக்கும் எங்கள் வீட்டில். பிள்ளைக்கு மட்டும் அவர்கள் வீட்டு இனிஷியல். நான் கசப்பில் சொல்லவில்லை, பேரப்பிள்ளைக்குச் செய்யக் கசக்குமா? ஆனால் மாப்பிள்ளை வந்து கூட இருந்து துணியை அலசிப் போட்டால் எனக்கு அவ்வளவு நிம்மதி.


நெல்லைரயில் எழுதியது:

ரயில்வேயில் இருக்கிறேன், அதனால் எனக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. மத்திய அரசு ஊழியர் எல்லோருக்கும் உண்டு, இரண்டு குழந்தை வரைக்கும். பிரசவத்துக்கு 15 நாள் முன்னாலிருந்து, குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் போனதுதான், சேர்த்து வைக்க முடியாது.

முதல் குழந்தைக்குப் பிறந்த அன்றே போட்டேன். அந்த நாட்கள் முழுக்க மருந்துக் கடைக்கு ஓடினேன், பில் கட்டினேன், பார்க்க வந்தவர்களுக்கு டீ வாங்கினேன். பிள்ளையைச் சுற்றி நாலு பெண்கள் எப்போதும் இருந்தார்கள், எனக்கு அங்கே இடமே இல்லை. இரண்டாவது குழந்தைக்கு வேறு மாதிரி செய்தேன். மனைவி திரும்பி வந்த அன்றிலிருந்து விடுப்பு. அப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர், ஒரு கைக்குழந்தை, ஒரு மூன்று வயது. வேறு வழியில்லை, அதனால் எல்லாம் கற்றேன். தங்கச்சி மருதாணி, கணவருக்குக் கிடைக்கிற ஐந்து நாளையும் ஆஸ்பத்திரியில் செலவழிக்க விடாதீர்கள் என்பது என் கருத்து.


கோடைமழை எழுதியது:

நெல்லைரயில் அண்ணா, நீங்கள் சொல்வதில் பாதிதான் எனக்கு ஒப்பு. எனக்கு சிசேரியன். தையலோடு கட்டிலிலிருந்து இறங்கி பாத்ரூம் போக எனக்குக் கணவரின் கைதான் வேண்டியிருந்தது. அம்மாவிடம்கூடச் சொல்லக் கூச்சப்பட்ட விஷயங்கள் இருந்தன. தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 100-க்கு ஏறக்குறைய 45 சிசேரியன் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை நடந்த ஒருத்தியின் பக்கத்தில் அந்த வாரம் கணவர் இருக்க வேண்டாமா? ஆக, பிறந்தபோதும் வேண்டும், திரும்பி வரும்போதும் வேண்டும். ஐந்து நாளை எங்கே வைப்பது என்று நாம் கணக்குப் போடுவதே கொடுமை.

ஆபீஸ் பக்கத்தையும் சொல்கிறேன். நான் ஐடியில் ஒரு டீமைப் பார்க்கிறேன். ஆண்களுக்கு லீவு இருக்கிறது என்று பாலிசியில் எழுதியிருப்பார்கள், ஆனால் குழந்தை பிறந்தவனே லேப்டாப்போடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பான். முழு லீவும் எடுத்தால் வேலையில் அக்கறை இல்லாதவன் என்று பெயர். பெண்ணுக்கு நேர் எதிர். இண்டர்வியூவிலேயே, கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். என்னிடம் கேட்டார்கள். இதே கேள்வியை ஒரு ஆணிடம் யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறோமா? இரண்டு பேரும் லீவு எடுப்பார்கள் என்று ஆகிவிட்டால் இந்தக் கேள்விக்கே வேலை இல்லாமல் போகும். ஸ்வீடனில் 480 நாள் லீவில் 90 நாள் அப்பாவுக்கென்றே ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் அது யாருக்கும் கிடையாது என்று வைத்திருக்கிறார்கள். பொதுவாக விட்டால் அம்மாவே எடுப்பாள் என்று பார்த்துப் பார்த்துத்தான், 1995-ல் ஒரு மாதம், 2002-ல் இரண்டு, 2016-ல் மூன்று என்று கூட்டிக்கொண்டே வந்தார்கள்.


முத்துவேல் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், கோபப்படாமல் படியுங்கள். முதல் ஆறு மாதம் குழந்தைக்கு வேண்டியது தாய்ப்பால், அதை அம்மா மட்டும்தான் கொடுக்க முடியும். அது நாம் ஏற்படுத்திய பாகுபாடு இல்லை, உடம்பே அப்படித்தான். என் அப்பா மஸ்கட்டில் இருந்தார். நான் பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் என்னைப் பார்த்தார். அதற்காக அவர் அப்பா இல்லையா? அந்த வெயிலில் அவர் கஷ்டப்பட்டது எங்களுக்காகத்தானே? துணி அலசினால்தான் அப்பா என்று சொன்னால், சம்பாதிப்பதற்காகப் பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காமல் இருந்தவர்களை நாம் அவமதிக்கிறோம். குடும்பத்தில் வேலையைப் பிரித்துக்கொள்வதில் என்ன தப்பு?


மருதாணி எழுதியது:

முத்துவேல் அண்ணா, கோபமெல்லாம் இல்லை. உங்கள் அப்பா செய்ததை யாரும் சின்னதாக்க முடியாது. ஆனால் உங்களைப் பிள்ளையாகப் பார்க்க முடியாமல் போனது அவருக்கும் இழப்புதானே? அது அவராக விரும்பி எடுத்த பங்கு என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு வழி இல்லாமல் போனார். என் கணவர் இருப்பது மஸ்கட்டில் இல்லை, ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கிறார்.

பால் நான்தான் கொடுக்க முடியும், ஒத்துக்கொள்கிறேன். பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைக்க யார் வேண்டுமானாலும் வரலாம். எதுக்களித்தால் துடைக்க, ஈரத்துணி மாற்ற, ராத்திரி நெஞ்சில் போட்டுக்கொண்டு நடக்க, தடுப்பூசித் தேதியை நினைவில் வைக்க, இதற்கெல்லாம் பால் சுரக்க வேண்டியதில்லையே.


வழக்குரை எழுதியது:

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள் என்பதால் எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

மகப்பேறு நலச் சட்டம் 1961-ல் வந்தது, 12 வாரமாக இருந்ததை 2017 திருத்தத்தில் 26 வாரம் ஆக்கினார்கள். இரண்டு பிள்ளைகள் இருந்தால் அடுத்ததற்கு 12 வாரம்தான். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் அதில்தான் வந்தது. நல்ல சட்டம். ஆனால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டில் வராத பெண்ணுக்கு அந்த 26 வாரச் சம்பளம் முழுவதும் முதலாளி கையிலிருந்து போகிறது. இஎஸ்ஐ உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய், அதற்கு மேல் வாங்குகிறவர்கள் வெளியே. அம்மாவுக்கு மட்டும் நீண்ட விடுப்பு, செலவு மொத்தமும் முதலாளிக்கு என்று வைத்துவிட்டு, பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்களே என்று அங்கலாய்த்துப் பயனில்லை. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே 26 வாரத்தைத்தான் எடுத்துக்கொண்டது, அப்பாவுக்கு அதில் ஒரு வரி கிடையாது. தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் தருகிறது, அது பெரிய விஷயம். சிக்கிம் 2023-ல் அம்மாவுக்கு 12 மாதம், அப்பாவுக்கு ஒரு மாதம் என்று அறிவித்தது. அதே 2023-ல் நம் மதுரை அமர்வுக்கு ஒரு வழக்கு வந்தது. காவல் ஆய்வாளர் ஒருவர், மனைவிக்கு செயற்கைக் கருத்தரிப்பில் உண்டான கர்ப்பம், பிரசவத்துக்குக் கூட இருக்க 90 நாள் விடுப்பு கேட்டார். அந்த வழக்கில் நீதிபதி விக்டோரியா கௌரி, தந்தைமை விடுப்புக்கென்று நாட்டில் தனிச் சட்டம் தேவை என்று எழுதினார். இன்னும் வரவில்லை.

முத்துவேல் சாருக்கு ஒன்று. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு கொடுத்தார். கணவர் சவுதியில் வேலை செய்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து, மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்து வீட்டைப் பார்த்துக்கொண்டவர். அவர் லீவே இல்லாமல் வீட்டில் உழைத்ததால்தான் கணவர் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, அதனால் சொத்தில் சம பங்கு உண்டு என்றது கோர்ட். உங்கள் அப்பாவின் உழைப்பை மதிக்கத்தான் வேண்டும். மஸ்கட் சம்பளத்தில் உங்கள் அம்மாவின் ராத்திரிகளும் இருக்கின்றன.


முத்துவேல் எழுதியது:

அந்தத் தீர்ப்பை இப்போதுதான் தேடிப் படித்தேன். அம்மாவின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. சட்டம் போட்டு அப்பாவை வீட்டில் உட்கார வைப்பதில்தான் எனக்குத் தயக்கம். லீவு வாங்கிக்கொண்டு கட்டிலில் படுத்து மொபைல் பார்க்கிற ஆளும் உண்டு. அவனுக்கும் சேர்த்து அந்தப் பெண் சமைக்க வேண்டி வரும்.


கோடைமழை எழுதியது:

அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்காக மற்றவர்களுக்கும் இல்லை என்று ஆக்கிவிட முடியாது. தேர்தல் நாளில் லீவு கொடுத்தால் ஓட்டுப் போடாமல் தூங்குகிறவர்களும்தான் இருக்கிறார்கள், லீவை நிறுத்திவிட்டோமா?

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு என்று ஒன்று உண்டு, ஒரு நாளை யார் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எடுப்பது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவழிப்பது 2019-ல் 299 நிமிடம், 2024-ல் 289. ஆண்கள் 2019-ல் 97 நிமிடம், 2024-ல் 88. ஆண்கள் பக்கம் கூடவே இல்லை, குறைந்திருக்கிறது. இதற்கு நடுவில் கொரோனா வந்து எல்லோரும் வீட்டில் இருந்து பார்த்தோம். தானாக மாறும் என்று விட்டு வைத்தால் மாறாது, முத்துவேல்.


தறிக்கூடம் எழுதியது:

நீங்கள் எல்லோரும் ஆபீஸ் லீவு பற்றிப் பேசுகிறீர்கள். நான் குமாரபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவன். எங்களுக்கு லீவு என்றால் கூலி இல்லை. சனிக்கிழமை கணக்குப் பார்த்து வாங்குகிற பணம், அதிலும் முன்பணம் வாங்கியிருந்தால் பிடித்தது போக மீதி. தந்தைமை விடுப்புக்குச் சட்டம் வந்தால்கூட எங்கள் தறிப்பட்டறைக்குள் அது வராது.

அம்மா வீடும் எங்களுக்கு ஐந்து மாதமெல்லாம் கிடையாது. என் மாமியாரும் தறியில் நிற்கிறவர், அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் அந்த வீட்டில் உலை கொதிக்காது. மனைவி சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள். ஒற்றை அறை வீடு. அதனால் நான் எல்லாம் செய்தேன். நல்லவன் என்று சொல்லிக்கொள்ள எழுதவில்லை, வேறு ஆள் இல்லை. ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து விடிவதற்குள் குழாயடியில் பிள்ளைத் துணியை அலசிவிடுவேன். வெளிச்சம் வந்துவிட்டால் பார்க்கிறவர்கள் பேசுவார்கள், என்னைவிட என் மனைவியைத்தான் பேசுவார்கள், புருஷனைத் துணி துவைக்க விட்டிருக்கிறாள் பார் என்று. ஆண் வேலை செய்தாலும் ஏச்சு பெண்ணுக்கு. இதைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 வருகிறது, ஊட்டச்சத்துப் பெட்டகமும் அதில் சேர்த்தி. தவணை தவணையாக வந்தாலும் அது எங்களுக்குப் பெரிய தெம்பு. அந்த மாதிரி, பிள்ளை பிறந்த வீட்டில் கூலிக்குப் போகிற அப்பாவுக்கு ஒரு வாரக் கூலியாவது அரசு கொடுத்தால் எங்களைப் போன்றவர்கள் வீட்டில் இருக்க முடியும். நலவாரியம் வழியாகக் கொடுக்கலாமே.


வழக்குரை எழுதியது:

தறிக்கூடம் தோழர், நீங்கள் சொன்னதுதான் இந்த இழையில் இதுவரை வந்த உருப்படியான கோரிக்கை. நலவாரியங்களில் பதிவு செய்த பெண் தொழிலாளிக்குப் பிரசவ உதவித்தொகை ஏற்கெனவே இருக்கிறது. அதே இடத்தில் அப்பாவின் கூலி இழப்புக்கும் ஒரு தொகை சேர்ப்பது புதிதாக ஒரு துறை தொடங்குகிற வேலை இல்லை. சங்கத்தில் எழுப்புங்கள், மனு எழுத நான் கூட வருகிறேன்.


வெண்கலமணி எழுதியது:

இழைக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான அடுத்த மாதத்திலிருந்து, விசேஷம் உண்டா என்று கேட்காத ஆள் இல்லை. திருக்கருகாவூர் போனோம், நெய் மந்திரித்து வாங்கினோம், அதில் எனக்கு வருத்தமில்லை, நம்பிக்கையோடுதான் போனேன். ஆனால் எனக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, குழாய் அடைப்புப் பரிசோதனை எல்லாம் முடிந்து பல மாதங்கள் கழித்துத்தான் அவருக்கு விந்துப் பரிசோதனை எடுக்கலாம் என்று வீட்டில் ஒத்துக்கொண்டார்கள். எல்லாவற்றிலும் எளிது அதுதான், செலவும் குறைவு. குழந்தை உண்டாகாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது மாமியார் எழுந்து வெளியே போய்விட்டார். அப்பா ஆவதற்கு முன்னாலிருந்தே ஆணை இதற்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் பிறந்து, இனி வேண்டாம் என்று முடிவான பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் பெண்ணுக்குத்தான். ஆண்களுக்குச் செய்வது அதைவிடச் சின்ன ஆபரேஷன், நம் மாநிலத்தில் செய்துகொள்பவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை.

மருதாணி, வளைகாப்பில் என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுவார்கள், ஆனால் வளையல் போடும்போது பேர் சொல்லி அழைக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அழையுங்கள்.


மருதாணி எழுதியது:

அக்கா, வெளியே போகவே இல்லை, நீங்கள் சொன்னது இதே விஷயம்தான். என் சித்திக்குக் குழந்தை இல்லை. என்னைத் தூக்கி வளர்த்தவர். முதல் வளையல் அவர்தான் போட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்சம் முனகினார், ஊர் என்ன சொல்லும் என்று. ஊர் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போவதில்லை என்றேன். சரி என்றுவிட்டார்.


தஞ்சைமாப்பிள்ளை எழுதியது:

நான் மாமனார் வீட்டில் போய்த் தங்கியவன், அதனால் என் அனுபவம் உங்களுக்கு உதவும். ஆபீஸில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டு, இருந்த லீவையும் சேர்த்து ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே இருந்தேன். முதல் சில நாள் எல்லோருக்கும் சங்கடம். பிள்ளை பெற்ற அறைக்குள் நான் போனால் மாமியார் எழுந்து நிற்பார், மாமனார் என்னைக் கடைக்கு அழைத்துப் போகப் பார்ப்பார். என் அம்மா போனில், என்னடா வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்டாயா என்று அழுதார். அது வலித்தது.

சங்கடம் குறைந்தது ராத்திரி வேலையால்தான். பத்து மணியிலிருந்து விடியற்காலை வரை பிள்ளை என் பொறுப்பு, பாலுக்கு மட்டும் மனைவியை எழுப்புவேன், அத்தைக்கு முழுத் தூக்கம் என்று பேசிவைத்தோம். ஒரு வாரம் முழுசாகத் தூங்கி எழுந்ததும் அத்தைக்கு என்மேல் இருந்த கூச்சம் போய்விட்டது. அப்புறம் அவரே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளையை எப்படிக் காலில் போட வேண்டும், முழங்கையால் வெந்நீர் சூடு எப்படிப் பார்க்க வேண்டும், மூக்கில் தண்ணீர் போகாமல் தலைக்கு ஊற்ற உள்ளங்கையை நெற்றியில் எப்படி அணை கட்ட வேண்டும் என்று. ஒவ்வொரு தடவையும் கைநடுக்கம்தான். ஆனால் திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு இன்றைக்கு வரைக்கும் குளிப்பாட்டுவது நான்தான்.

பாட்டிவீடு அம்மா சொன்னதுபோல அம்மா வீட்டை விட்டுவிட வேண்டியதில்லை. அங்கே மாப்பிள்ளையை விருந்தாளியாக நடத்துவதை நிறுத்தினால் போதும். மாப்பிள்ளையும் விருந்தாளியாக நடந்துகொள்ளக் கூடாது.


பாட்டிவீடு எழுதியது:

தம்பி, உங்கள் அத்தை கொடுத்து வைத்தவர். பிள்ளை குளிப்பாட்டக் கற்றுக்கொடு என்று என் மருமகன்கள் யாரும் இதுவரை கேட்டதில்லை. நாங்களும் வாருங்கள் என்று சொன்னதில்லை, மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வாரோ என்ற பயம். சின்ன மகள் இப்போது மாசமாக இருக்கிறாள். இந்தத் தடவை நானே சொல்லிப் பார்க்கிறேன்.


புதன்கிழமை எழுதியது:

கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவது அம்மா, பாட்டி, அத்தை. அப்பா வண்டியில் வெளியே உட்கார்ந்திருப்பார். எத்தனாவது வாரம் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. மருதாணி கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன், இவற்றை உங்கள் கணவர் பொறுப்பில் விடுங்கள், தூரத்தில் இருந்தாலும் செய்ய முடிந்தவைதான்.

கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண்ணை அவர் போனில் வைத்திருக்கட்டும், பிறப்புப் பதிவுக்கு அது வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வேலை முழுக்க அவருடையது. பிறந்தவுடன் போடுவது போக 6, 10, 14-வது வாரத் தடுப்பூசிகள், பிறகு 9 மாதம். தேதியைக் கணக்குப் போட்டு அவரே நினைவுபடுத்த வேண்டும், முடிந்தால் ஊசி போடும் அந்தப் புதன்கிழமைக்கு ஊருக்கு வர வேண்டும். ஊசி போட்ட ராத்திரி பிள்ளை சிணுங்கும், காய்ச்சல் வரும், அந்த ராத்திரி அப்பா கூட இருந்தால் அம்மாவுக்குத் தெம்பு. எடைக்கேற்ற மருந்தளவை அவரே எங்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

வரும் நாட்களில், பீய்ச்சி எடுத்து வைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் அவர் கொடுத்துப் பழகலாம். நன்றாகக் கழுவிக் கொதிக்க வைத்த பாலாடையாக இருக்க வேண்டும், பால் வெளியில் நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, நம் ஊர் வெயிலுக்கு அதற்கும் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். எடை குறைந்த பிள்ளையாக இருந்தால் கங்காரு முறையில் வெற்று நெஞ்சில் அணைத்து வைத்துக்கொள்வது அப்பாவாலும் முடியும், ஆஸ்பத்திரியிலேயே சொல்லித் தருவோம். ஆறு மாதம் வரைக்கும் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து எதுவும் கொடுக்கக் கூடாது. பாட்டிகள் கொடுக்கச் சொன்னால் அம்மாவால் எதிர்த்துப் பேச முடியாது, மாப்பிள்ளை சொன்னால் கேட்பார்கள். அந்த மாப்பிள்ளை மரியாதையை இதற்குப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, முக்கியமானது. பிரசவம் ஆன பெண் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால், தூக்கம் சாப்பாடு இல்லாமல் பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே போனால் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். தாயானவள் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும் என்று சுற்றி இருப்பவர்கள் எதிர்பார்ப்பதால் அவளே வாய்திறந்து சொல்ல மாட்டாள். தினமும் போனில் பேசுகிற கணவர் குழந்தை எப்படி இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல் நீ தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும்.


மருதாணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கணவரை உட்கார வைத்து முழு இழையையும் படிக்கச் சொன்னேன். தஞ்சைமாப்பிள்ளை அண்ணா எழுதியதை இரண்டு தடவை படித்தார். பிரசவத்துக்கு இருக்கும் ஐந்து நாளை எடுத்துக்கொண்டு, அப்புறம் சேர்த்து வைத்திருக்கும் சம்பள லீவைப் போட்டு, பிறகு மன்னார்குடியிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்கிறேன் என்கிறார். என் அம்மாவிடம் நான் பேச வேண்டும், தன் அம்மாவிடம் அவர் பேச வேண்டும் என்று பிரித்துக்கொண்டோம். மேனேஜரிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தயங்குகிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


தஞ்சைமாப்பிள்ளை எழுதியது:

இப்போதே கேட்கச் சொல்லுங்கள், பிரசவ தேதி நெருங்கிய பிறகு வேண்டாம். வாய்ப்பேச்சாக இல்லாமல் மெயிலில் கேட்கட்டும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று தெளிவாகப் போட்டு. மனைவிக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் ஆளில்லை என்றெல்லாம் சாக்கு எழுத வேண்டாம். எனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, நான் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவருடைய வேலையை அந்த நாட்களில் யார் பார்ப்பார்கள் என்று ஒரு பத்தி சேர்த்தால் மறுப்பதற்குக் காரணம் குறையும். நான் அனுப்பிய மெயில் இருக்கிறது, பெயர்களை எடுத்துவிட்டுத் தனிமடலில் அனுப்புகிறேன். மன்னார்குடி வீட்டில் இண்டர்நெட் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், மாமனார் ஊரில் எனக்கு ஏற்பட்ட பெரிய சிக்கல் அதுதான்.